மண்டிக்காரர் மகனுக்கு எந்தப் பட்டம்?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் கேரளத்து லாரிகளில் ஏறும் வேளையில், கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் தம் குமாரனைப் பொதுவான எம்.பி.ஏ. படிப்பில் சேர்ப்பதா, வேளாண் வணிகத்துக்கென்றே அமைந்த படிப்பில் சேர்ப்பதா என்று யோசிப்பாரானால், அது நியாயமான யோசனையே. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இரண்டாம் வகைப் பட்டத்தை அளிக்கிறது. ஆமதாபாத்தில் 1961-இல் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகமோ இரு வகைகளையும் நடத்துகிறது.

வரத்து மிகுந்த நாளில் விலை சரிவதும், குளிர்பதனக் கிடங்கின் செலவும், அழுகும் சரக்கின் நஷ்டமும் விசேஷப் படிப்பில் பிரதான விஷயங்கள். பொதுப் படிப்பிலோ, நிதி, கணக்கியல், விளம்பரம் ஆகியவற்றுக்கிடையே அவை வந்தால் ஓர் உதாரணமாக வரும். ஆயினும் மண்டியிலேயே ஆயுளைக் கழிப்பேன் என்று இருபத்திரண்டு வயதில் எத்தனை பிள்ளைகள் சத்தியம் செய்வார்கள்? அந்த நிச்சயம் இல்லாதவனுக்கு, வங்கிக்கும் கம்பெனிக்கும் வழிவிடும் பொதுப் பட்டமே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.