மென்பொருள் விளக்க ஏடுகளும் பதிப்பு எண்ணும்

மென்பொருள் புதுப்பிக்கப்படுந்தோறும் அதன் விளக்க ஏடும் மாறுகிறது. ஆயினும் பழைய ஏட்டை அழித்துவிடலாகாது. பழைய பதிப்பைக் கையாள்வோர் உளர்.

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் 7/2 என எழுதினால், 2-ஆம் பதிப்பு 3 என்றும், 2008-இல் வெளிவந்த 3-ஆம் பதிப்பு 3.5 என்றும் விடை தரும். பிழைச் செய்தி ஏதும் தோன்றாமையால், வேறொரு பதிப்பின் ஏட்டை நம்பிய மாணவன் தவற்றை எளிதில் அறியான்.

அம்மொழியின் இணையதளம் பதிப்புதோறும் விளக்கத்தைத் தனித்தனியே காத்து வருகிறது. முகவரியில் 3 என்று மட்டும் இருப்பின் அன்றைய புதிய பதிப்பின் விளக்கம் தோன்றும், 3.8 என்றிருப்பின் எந்நாளும் அப்பதிப்பினதே. பள்ளிக் கணிப்பொறியிலுள்ள பதிப்பின் எண்ணை முதலில் அறிந்து, அவ்வெண் கொண்ட முகவரியையே ஆசிரியர்கள் பாடக் குறிப்பில் எழுதுவாராக. 2-ஆம் பதிப்பின் பராமரிப்பு 2020 சனவரி 1-இல் முடிவுற்றது. அதன் ஏடோ, பழையது என்னும் எச்சரிக்கையுடன் இன்றும் கிடைக்கிறது.