நிரம்பியும் நிற்காத தொட்டி

உங்கள் வீட்டுக் கழிப்பறையில் பிளஷ் தொட்டி இருந்தால், அதன் மூடியை எப்போதாவது திறந்து உள்ளே பார்த்திருக்கிறீர்களா? உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவரும் நானும் சென்ற கோடைக்காலம் வரை பார்த்ததில்லை. அதனால் ஒரு தவறும் செய்தேன். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழ்ப்பகுதியில் ஏழு பேர் கொண்ட ஒரு குடும்பம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டி ஒன்றுதான். காலையில் ஒரு முறை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினால் மறுநாள் காலை வரை தண்ணீர் வரும். சென்ற மே மாதத்தில் மாலை ஆவதற்குள்ளேயே தொட்டி காலியாகத் தொடங்கியது. கிணற்றிலும் நீர்மட்டம் இறங்கியிருந்த சமயம். நாங்கள் நான்கு பேர், அவர்கள் ஏழு பேர். யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று யோசிக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். கீழே இறங்கிப் போய், "கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அந்த வீட்டுப் பிள்ளைகள் துணி துவைக்கத் தெருக்குழாயில் குடத்துடன் நிற்பதைப் பார்த்தேன்.

நான்கு நாள் கழித்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பையன் மாடிக்கு வந்தான்.

"சார், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் தொட்டியிலேருந்து இறங்குற குழாயில காதை வச்சுப் பார்த்தேன். தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. எங்க வீட்டுக்கு வர்ற வால்வை மூடிட்டும் கேட்டேன். அப்பவும் சத்தம் நிக்கல சார்" என்றான்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் செய்தது சரியான ஓர் ஆய்வு. இரண்டு வழிகளில் ஒன்றை மூடிவிட்டு, விளைவு மாறுகிறதா என்று பார்த்திருக்கிறான். மாறவில்லை என்றால் நீர் மற்ற வழியில்தான் போகிறது. அந்த மற்ற வழி எங்கள் வீடு!

சொட்டு நீலம் காட்டிய வழி

குழாய்கள் எல்லாவற்றையும் இருவருமாகப் பார்த்தோம். எங்கும் ஒழுகவில்லை. கழிப்பறையில் மட்டும் பீங்கானின் பின்சுவர் எப்போதும் ஈரமாகவே இருந்தது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பிளஷ் தொட்டிக்குள் சில துளிகள் விட்டோம். யாரும் பிளஷ் செய்யவில்லை. ஆயினும் சற்று நேரத்தில் பீங்கானின் சுவரில் நீலக்கோடு ஒன்று இறங்கியது.

தொட்டியின் மூடியைத் திறந்தோம். நடுவில் செங்குத்தாக ஒரு குழாய் நிற்கிறது. நீர்மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் அது தரையில் கொட்டாமல் பீங்கானுக்குள் போய்விடுவதற்காக வைத்த வழிந்தோடு குழாய் அது. அந்தக் குழாயின் வாய்வரை தண்ணீர் ஏறி நின்று, சத்தமே இல்லாமல் உள்ளே வழிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாததால்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நீர் இப்படிப் போகிறது என்று அளந்தோம். வால்வைத் தாங்கும் கம்பியை அது நின்றிருந்த அதே உயரத்தில் நூலால் கட்டிவைத்தோம். தொட்டியிலிருந்து கொஞ்சம் நீரை மொண்டு எடுத்துவிட்டு, வால்வின் வாயில் ஒரு டம்ளரைப் பிடித்தோம். ஒரு நிமிடத்தில் 200 மில்லிலிட்டர் டம்ளர் நிறைந்தது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு மணிக்கு 12 லிட்டர், ஒரு நாளைக்கு 288 லிட்டர்! நகர்ப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வழங்க வேண்டும் என்பது நம் நாட்டில் திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. இரண்டு பேருக்கான தண்ணீர் எங்கள் கழிப்பறையில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பந்து எப்படி வால்வை மூடுகிறது?

இப்போது தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளஷ் செய்தவுடன் தொட்டி காலியாகிறது. நீரில் மிதந்துகொண்டிருந்த பந்து கீழே இறங்குகிறது. பந்தைத் தாங்கும் கம்பியின் மறுமுனை வால்வைத் திறந்துவிடுகிறது. நீர் உள்ளே வருகிறது. மட்டம் ஏற ஏறப் பந்தும் ஏறுகிறது. இறுதியில் கம்பியின் முனை ஒரு ரப்பர் வாஷரை வால்வின் துளைமேல் அழுத்தி அதை மூடிவிடுகிறது.

இந்தக் கம்பி ஒரு நெம்புகோல். எங்கள் தொட்டியில் ஆதாரப் புள்ளியிலிருந்து பந்தின் நடு வரை 24 செ.மீ.; வால்வு வரை 2 செ.மீ. ஆகவே பந்து தரும் விசை வால்வில் 12 மடங்காகிறது.

பந்து தரும் விசை எவ்வளவு? அதை ஆர்க்கிமிடீஸ் விதி சொல்லும். பந்தின் விட்டம் 12 செ.மீ. என்றால் அதன் பருமன் சுமார் 900 கன செ.மீ. பந்து பாதி மூழ்கினால் 450 கிராம் நீரை இடம்பெயர்க்கிறது. எனவே மேல்நோக்கு விசை 450 கிராம் எடை. பந்தின் சொந்த எடை 100 கிராம் என்று கொள்வோம். மீதி 350 கிராம். நெம்புகோல் இதை 12 மடங்காக்கி, 4,200 கிராம் எடைக்குச் சமமான விசையால் வாஷரை அழுத்துகிறது. (கம்பியின் எடையை இங்கே விட்டுவிட்டோம்.)

இவ்வளவு விசை எதற்கு? 6 மி.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு சுமார் 0.28 சதுர செ.மீ. தொட்டி 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் வரும் நீர் அத்துளையை 113 கிராம் எடை விசையால் தள்ளும். 30 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தமுள்ள இணைப்பானால் 850 கிராம்! வெறும் பந்து மட்டும் இருந்தால் இதைத் தடுக்க முடியாது. அதோடு, நீர் கசியாதபடி ரப்பரையும் நன்றாக நசுக்க வேண்டுமல்லவா?

கவனியுங்கள். இங்கே நீர்மட்டமே பந்தைத் தூக்குகிறது. பந்து வால்வை மூடுகிறது. வால்வு நீர்மட்டத்தை நிறுத்துகிறது. விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே கட்டுப்படுத்துகிறது. இதைப் பின்னூட்டம் என்கிறோம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் மிதவையைக் கொண்டு நீர்வரத்தைச் சீராக வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1765-இல் ரஷ்யாவில் பொல்சுனோவ் தம் நீராவி எந்திரத்தின் கொதிகலனில் நீர்மட்டத்தைக் காக்க மிதவையைப் பயன்படுத்தினார். இத்தகைய கருவிகள் எப்போது நிலையாக இயங்கும் என்பதை 1868-இல் மாக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்தார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான் உங்கள் கழிப்பறையிலும் இருக்கிறது.

குறை எங்கே?

சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பந்தைக் கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். நீர் நின்றுவிட்டால் வால்வும் வாஷரும் சரி. குறை பந்திலோ கம்பியிலோ இருக்கிறது. தூக்கியும் நீர் நிற்கவில்லை என்றால், வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது மணல் சிக்கியிருக்கும். பந்து தொட்டியின் சுவரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் தொட்டியில் பந்தைத் தூக்கியதும் நீர் நின்றது. உடனே நான் கம்பியைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துவிட்டேன். அப்படிச் செய்தால் தாழ்ந்த மட்டத்திலேயே வால்வு மூடும். மூடியது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் நீர் வழியத் தொடங்கியது!

இந்த முறை பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டினேன். உள்ளே 'சலக் சலக்' என்று சத்தம்! பந்துக்குள் ஏறக்குறையப் பாதிவரை தண்ணீர் புகுந்திருந்தது.

பாதி நீர் புகுந்தால் என்ன ஆகும்? 450 கிராம் நீர் உள்ளே வந்ததால் பந்தின் மொத்த எடை 550 கிராம். வால்வை மூட முன்போலவே 350 கிராம் விசை வேண்டும். ஆகவே மேல்நோக்கு விசை 900 கிராம் ஆக வேண்டும். அதாவது பந்து முழுவதும் மூழ்க வேண்டும். உள்ளே எத்தனை கன செ.மீ. நீர் புகுகிறதோ, வெளியே அத்தனை கன செ.மீ. பந்து கூடுதலாக மூழ்கினால்தான் கணக்குச் சரியாகும். முன்பு பாதிப் பந்து மூழ்கியபோதே வால்வு மூடியது. இப்போது நீர்மட்டம் அதைவிட 6 செ.மீ. உயர வேண்டும். ஆனால் வழிந்தோடு குழாயின் வாயோ வழக்கமான மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. நீர் அந்த வாயைத் தாண்டி எப்படி ஏறும்? வழிந்துகொண்டே இருக்கும், வால்வும் அரைகுறையாக மூடியபடியே இருக்கும்.

கம்பியை நான் வளைத்தது ஏன் நிலைக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? வளைத்ததால் மட்டம் சில செ.மீ. இறங்கியது. பந்துக்குள் நீர் புகுவது மட்டும் நிற்கவில்லை.

விரிசலைக் காட்டிய வெந்நீர்

பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் விரிசல் கண்ணுக்குப் புலப்படவில்லை. உள்ளிருந்த நீரைத் திருகு மரை வழியே வடித்துவிட்டு, அந்தத் துளையை இறுக மூடினோம். பிறகு கை பொறுக்காத அளவு சூடான நீரில் பந்தை முழுக்க அமிழ்த்திப் பிடித்தோம். ஒட்டு வாயிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின!

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சார்லஸ் விதிப்படி, மாறாத அழுத்தத்தில் வெப்பநிலை ஏறினால் காற்றின் பருமனும் ஏறும். 30 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் காற்று ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு விரியும். 900 கன செ.மீ. பந்திலிருந்து சுமார் 90 கன செ.மீ. காற்று வெளியேறும். பந்து குளிர்ந்ததும் அதே விரிசல் வழியாக வெளியிலுள்ள நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மே மாதப் பகலில் சூடேறிய பந்தின் மேல் குளிர்ந்த நீர் சூழும்போதும் சிறிய அளவில் இதுதான் நடக்கிறது. அப்படித்தான் எங்கள் பந்து தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்திருக்கிறது. (இந்தச் சோதனையைச் செய்வதானால் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கி இல்லாமல் வெந்நீரில் கை வைக்க வேண்டாம்.)

வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு, வேறு பந்து வாங்கித் திருகினோம். வளைத்த கம்பியை நிமிர்த்தி, நீர்மட்டம் வழிந்தோடு குழாயின் வாய்க்கு 3 செ.மீ. கீழே நிற்கும்படி வைத்தோம். பழுது பார்த்த நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

புதிய தொட்டிகளில் நீண்ட கம்பியும் பந்தும் இருக்காது. செங்குத்தான தண்டில் ஒரு சிறு கிண்ணம் போன்ற மிதவை ஏறி இறங்கும். மட்டத்தை ஒரு திருகால் மாற்றலாம். தத்துவம் ஒன்றேதான்.

அன்று மாலை கீழ்வீட்டுக்குப் போனேன். "தப்பு எங்க வீட்டுலதாம்மா. சோதிச்சுப் பாக்காம உங்களைச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றேன். "அதனாலென்ன சார்" என்று சொல்லி அந்த அம்மாள் காப்பி கொடுத்தார். பையன் அருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஆர்க்கிமிடீஸ் விதியை இருபது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அன்று குழாயில் காதை வைத்தவன் அவன்.

இன்றிரவு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, உங்கள் பிளஷ் தொட்டியில் நான்கு துளி சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்ய வேண்டாம். பீங்கானில் நீலம் தெரிந்தால், தொட்டிக்கு வரும் வால்வை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள். மட்டம் குறியிலேயே நின்றால், வழிந்தது மேலே. பந்தையும் வாஷரையும் பாருங்கள். மட்டம் மேலும் மேலும் இறங்கினால், தொட்டியின் அடியிலுள்ள அடைப்பு கசிகிறது. அதை மாற்றச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து, ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று கணக்கிட்டு வீட்டாரிடம் காட்டுங்கள்.