கத்தரிப்பூ நிறத்தில் ஒரு யூரின் பேக்

கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக்கில் நேற்று வரை மஞ்சள். இன்று பார்த்தால் பையும் டியூபும் கத்தரிப்பூ நிறம். மருந்து மாறிவிட்டதா, சிறுநீரகமே போய்விட்டதா என்று வீட்டார் பதறுவார்கள். பதற வேண்டியதில்லை. 1978-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பதிவான சங்கதி இது. நீண்ட நாள் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் டியூப்) போட்டுப் படுக்கையில் இருக்கும் வயதானவர்களிடம், அதிலும் மலச்சிக்கல் உள்ள பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது.

இந்தச் சாயம் பருப்பிலும் பாலிலும் தொடங்குகிறது. அவற்றின் புரதத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் உண்டு. குடல் பாக்டீரியாக்கள் அதை இண்டோலாக மாற்றுகின்றன. மலச்சிக்கல் இருந்தால் அந்த வேலைக்குக் கூடுதல் அவகாசம். கல்லீரல் இண்டோலை இண்டாக்சில் சல்ஃபேட் ஆக்கி அனுப்ப, சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. இதற்கு நிறம் கிடையாது, உங்கள் சிறுநீரிலும் என் சிறுநீரிலும் இருப்பதுதான். கதீட்டரில் குடியேறிய சில பாக்டீரியாக்கள் அதிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றிவிடும்போதுதான் வேடிக்கை. மிஞ்சிய இண்டாக்சில், ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீல நிற இண்டிகோ ஆகிறது. கொஞ்சம் மாறிச் சேர்ந்தால் சிவப்பான இண்டிருபின். இரண்டும் கலந்தால் ஊதா. அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கலக்கி அடித்து நீலம் எடுக்கிறார்களே, அங்கே கடைசியில் நடப்பதும் இதே வினைதான். ஜீன்ஸுக்கு ஏறும் அதே நீலம்!

கதீட்டரில் கிருமிகள் எப்படிக் குடியேறின? சிறுநீர் வேகமாகப் பாயும்போது, ஒட்டப் பார்க்கும் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடும். இயற்கை தந்த காவல் அது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகர மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி 1930-களில் உருவாக்கிய, சிறுநீர்ப்பைக்குள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பலூன் கொண்ட கதீட்டர் எத்தனையோ பேருக்கு வரப்பிரசாதம். ஆனால் அந்தக் காவல் அங்கே இல்லை. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது, பலூனுக்குக் கீழே கொஞ்சம் தேங்கியும் நிற்கிறது. டியூபின் சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. அதற்குள் ஆண்டிபயாடிக் எளிதில் நுழையாது. இவற்றில் புரோட்டியஸ் பொல்லாதது. யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கி, சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடும். உப்புகள் படிகமாகி டியூபையே அடைத்துவிடும். ஊதா நிறம் பிடிக்கவும் இந்தக் காரத்தன்மை தோதாக அமைகிறது.

கதீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும். பாக்டீரியா இருப்பது வேறு, நோய்த்தொற்று வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர் மனக்குழப்பம், டியூப் அடைப்பு என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல், பரிசோதனைச் சீட்டில் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆண்டிபயாடிக் கொடுப்பது, கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர, பெரும்பாலும் வீண்; மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதுதான் மிச்சம்.

பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுங்கள். தொடுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் கூச்சப்படாமல் தினமும் கேளுங்கள்: "இந்த டியூப் இன்னும் வேண்டுமா சார், எடுத்துவிடலாமா?"