ஆயுதச் சட்டமும் தாராபுரத்துக் குடியானவரும்

தாராபுரத்திலிருந்து மூலனூர்ச் சாலையிலாவது குண்டடம் சாலையிலாவது அந்திக்குப் பின் செல்வோர், வயல்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் மினுக்கும் விளக்குகளைக் காண்பர். கொங்கு நாட்டுக் குடியானவர்களில் பலர் ஊருக்குள் நெருங்கிக் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. கூப்பிடு தூரம் என்று சொல்வது அங்கே பல இடங்களில் கூப்பிட்டாலும் கேளாத தூரமே. பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். வயது முதிர்ந்த தாய் தந்தையர் ஆட்டுப்பட்டியையும் மாட்டையும் முருங்கையையும் காத்துக்கொண்டு தனியே இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் ஆகிய மூவரும் ஒரே இரவில் கொலையுண்டனர். ஈரோடு ஜில்லா சிவகிரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதிய தம்பதிகள் கொல்லப்பட்டுக் கிடந்த செய்தி 2025 மே மாதத் தொடக்கத்தில் வெளியாயிற்று. இவற்றைக் கேட்ட குடியானவர் எவரும் தமக்கொரு துப்பாக்கி லைசென்ஸ் இருந்தால் என்ன என்று எண்ணுவாராயின், அவ்வெண்ணத்தை நகைத்துத் தள்ளுவது நேர்மையாகாது. ஆதரிப்பதற்கு முன் ஆராய வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்நாட்டு ஜனங்களின் கையிலிருந்து ஆயுதம் எவ்வாறு பறிபோயிற்று என்பதை முதலில் நினைவு கூர்வோம். பாளையக்காரர் யுத்தம் ஓய்ந்த 1801 டிசம்பரில், கோட்டைகளை இடிக்கவும் பாளையங்களில் ஆயுதம் தரிப்பதை நிறுத்தவும் சென்னையிலிருந்த கம்பெனிக் கவர்னர் பிரகடனம் வெளியிட்டார். அதற்குப் பின்னரும் தணியாது நின்ற தீரன் சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதைக் கொங்கு நாட்டார் மறந்தவரல்லர். 1878-ல் லிட்டன் பிரபு இந்தியா முழுவதற்கும் ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்தார். அதே வருஷத்தில் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தையும் அவரே பிறப்பித்தார். பத்திரிகைச் சட்டம் நான்கு ஆண்டுகளில் ரிப்பன் பிரபுவால் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ சுயராஜ்யம் வந்த பின்னும் பதினைந்து வருஷம் உயிரோடிருந்தது! வெள்ளையர் லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இந்தியன் கெஞ்சிப் பெற வேண்டும் என்று அது வகுத்த பேதமே நம் முன்னோரின் நெஞ்சைச் சுட்டது.

1887-ல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலேயே இச்சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் வந்தது. இளைஞரான விபின் சந்திர பாலர் அங்கே அதை எதிர்த்துப் பேசினார். 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும், அது ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையைத் தம் உயிராகக் கொண்டவர் இதைக் கேட்டது முரண் என்று சிலர் நினைக்கலாம். அவர் கேட்டது துப்பாக்கியை அன்று; இந்தியனை நம்பத்தகாதவன் என்று சட்டத்தில் எழுதி வைத்திருந்த அவமானத்தை நீக்கவே கேட்டார் என்று நாம் கொள்கிறோம். அடுத்த வருஷம் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் பாத்தியதை இடம் பெற்றது.

ஆனால் சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் காமத் அவர்கள் அப்பாத்தியதையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டு வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் எவ்விதத் தடையுமின்றிச் சந்தையில் ஆயுதம் வாங்கலாமென்றால் ராஜ்ய பரிபாலனமே நடவாது என்பது அவருடைய வாதம். திருத்தம் தோற்றது. அவர் சொன்னது சரியென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயுத உரிமையை அரசியல் சட்டத்திலேயே பொறித்து வைத்திருக்கும் அமெரிக்காவில் 2021-ம் ஆண்டில் மட்டும் 48,000-க்கு மேற்பட்டோர் துப்பாக்கியால் மடிந்தனர். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த வழி நமக்கு வேண்டாம்.

ஆயினும் அமெரிக்கரிடமிருந்து ஒன்று கற்கலாம். நியூயார்க் ராஜ்யத்தில் கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்ல விரும்புகிறவர், தமக்குத் தனிப்பட்ட தக்க காரணம் உண்டென்று அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது. அந்த ராஜ்யத்துத் துப்பாக்கிக்காரர் சங்கம் வழக்காடி, 2022 ஜூனில் அவ்வதிகாரத்தை அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தில் தகர்த்தது. தீர்ப்பின் முடிவு எப்படியிருந்தாலும், அச்சங்கத்தார் தொட்ட கேள்வி நம்முடையதும் ஆகும். லைசென்ஸ் சட்டத்தின்படி கிடைப்பதா, அதிகாரியின் மனப்போக்கின்படி கிடைப்பதா?

நமது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அது மோசமான சட்டமன்று. தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள சாதாரண வேட்டைத் துப்பாக்கியும், பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் கேட்போருக்கு லைசென்ஸ் அளிக்க வேண்டும் என்றே 13-வது பிரிவு கூறுகிறது. சொத்துப் போதாது என்ற ஒரு காரணத்தால் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அப்பீலும் உண்டு. 2016-ம் வருஷத்து விதிகள் போலீஸ் அறிக்கைக்கு முப்பது நாளும், அறிக்கை வந்த பின் உத்தரவுக்கு அறுபது நாளும் கெடு வைத்திருக்கின்றன. பொது அமைதிக்கு அவசியமெனத் தோன்றினால் மறுக்கலாம் என்ற ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பழைய அதிகார வர்க்கத்தின் ஆவி அவ்வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. மறுப்பு என்று ஒரு காகிதம் வந்தாலாவது அப்பீல் செய்யலாம். பதிலே வராத மனுவின் மீது எங்கே அப்பீல் செய்வது?

இந்தச் சட்டத்தைத் திருத்தும் உரிமை டில்லிக்கே உரியது. ஆயுதம் மத்திய சர்க்காரின் ஜாபிதாவில் இருக்கிறது. 2019-ல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க மசோதா வந்து, ஆட்சேபங்கள் எழுந்தபின் இரண்டென்று முடிந்ததும் அங்கேதான். லைசென்ஸின் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீண்டதும் அப்பொழுதே. ஆனால் சட்டத்தை நடத்துவது ஜில்லா நிர்வாகம். ஆதலால் தாராபுரத்தார் தங்கள் குறையைச் சொல்ல வேண்டிய இடம் டில்லியன்று, சென்னையும் திருப்பூரும்தான். குடகு நாட்டாரின் முயற்சி இதற்கோர் உதாரணம். 1861 முதல் தங்களுக்கு இருந்துவரும் லைசென்ஸ் விலக்கை அவர்கள் விடாது வாதாடிக் காத்து வருகிறார்கள். கர்நாடக உயர்நீதிமன்றமும் 2021 செப்டம்பரில் அதை நிலைநிறுத்தியது. ஒரு குலத்தாருக்கு மட்டும் விலக்கு அளிப்பதை நாம் விரும்பவில்லை. ஆனால் முறையாகக் கேட்டு வாங்கும் அவர்களுடைய ஊக்கம் நம்மவரிடம் இல்லையே என்ற குறை உண்டு.

இனிப் பயிரைப் பற்றி. மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் ஓரிரவில் கிண்டிவிட்டுப் போகும் காட்டுப்பன்றியைச் சுட, நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவருக்கும் உரிமையில்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பயிர்க் காவலுக்கென்று ஒரு சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது; எதைச் சுடுவதற்கோ அதைச் சுடாதே என்று மற்றொரு சட்டம் சொல்கிறது! கேரள சர்க்கார் 2022 மே மாதத்தில் இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வழி கண்டனர். பஞ்சாயத்துத் தலைவரே, லைசென்ஸுள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரரைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடலாம் என்று அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தனர். நம் சர்க்கார் 2025 ஜனவரியில் அளித்த அனுமதியோ வேறு விதமானது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் வனத்துறையினரே சுட வேண்டும் என்பது அதன் சாரம். மகாத்மா 1930-ல் சொன்ன ஜனங்களின் கட்டுப்பாடு என்பதற்குப் பாலக்காட்டுக்கு அப்பாலுள்ள ஏற்பாடு கிட்ட வருகிறது. இப்பாலுள்ளதில் பஞ்சாயத்துக்கும் குடியானவருக்கும் அந்த நம்பிக்கை காட்டப்படவில்லை.

தேர்தல் வந்தால் மற்றொரு தொல்லை. அறிவிப்பு வெளியான சில தினங்களில் லைசென்ஸ்தாரர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அறுபது ஆண்டு குற்றமின்றி வாழ்ந்தவரும் ரௌடியும் அங்கே ஒரே வரிசை. ஒவ்வொருவரின் நிலையையும் ஆராயாமல் பொத்தம் பொதுவாக அவ்வாறு பறிக்கக்கூடாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் 2024-ல் கூறியிருக்கிறது.

கொலையுண்டவர்களின் வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? நமக்கு அதில் நம்பிக்கை குறைவு. இருளில் திடீரெனப் பாயும் கயவனுக்கு எதிரே எழுபது வயதுக் கை பெட்டியைத் திறந்து தோட்டாவை எடுத்துப் போடுமுன் எல்லாம் முடிந்துவிடும். அத்துடன் ஆளில்லாத தோட்டத்து வீட்டிலிருக்கும் துப்பாக்கி திருடனுக்கே ஆசை காட்டும் பொருளாகலாம். இரவு ரோந்தும், தனி வீடுகளின் ஜாபிதாவைக் கையில் வைத்திருக்கும் ஸ்டேஷனும், கூப்பிட்டவுடன் வரும் வண்டியும் ஆயிரம் லைசென்ஸுகளைக் காட்டிலும் மேலான காவல் என்பது நமது அபிப்பிராயம். இதைக் குடியானவர்களிடம் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, அவர்களுடைய மனுவைக் கட்டில் போட்டுத் தூங்க விடுவதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது. கொடுக்கத் தகாதென்றால் அதையும் கெடுவுக்குள் காரணத்துடன் சொல்லட்டும்.

திருப்பூர்க் கலெக்டர் காரியாலயத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தாராபுரம், குண்டடம், மூலனூர்ப் பக்கத்திலிருந்து செல்வோர் ஒரு கணக்கை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். துப்பாக்கி லைசென்ஸ் கோரி வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் 2016-ம் வருஷத்து விதிகளின் கெடுவைத் தாண்டிக் கிடப்பவை எத்தனை, காரணம் எழுதி மறுக்கப்பட்டவை எத்தனை என்ற கணக்கு அது.