மூடுபனியும் பிரிண்டரின் அனுமானமும்

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை மலையேறி வந்தபின், சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு முதலிய கேரளத்து ஏலமலை ஊர்களில், அரசின் இணையச் சேவைகளை வழங்கும் அக்ஷயா மையங்களிலும் சிறு கணினிக் கடைகளிலும் இன்க்ஜெட் பிரிண்டரை நம்பித் தொழில் செய்வோரைச் சோதிக்கின்ற கோளாறு ஒன்று உண்டு: தாள் எங்கும் சிக்கியிராதபோதே 'பேப்பர் ஜாம்' என்று அறிவித்துவிட்டு, மேற்கொண்டு ஓர் எழுத்தும் அச்சிடாமல் யந்திரம் நின்றுவிடுகிறது. கடைக்காரர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் தேடுகிறார். ஒரு துண்டுத் தாளும் அகப்படுவதில்லை. ஒரு நாட்கூலியை இழந்து, வரி ரசீதுக்கோ பிள்ளையின் சான்றிதழுக்கோ வந்து நிற்கும் தோட்டத் தொழிலாளி, மறுநாள் வரும்படி சொல்லப்பட்டுத் திரும்புகிறார். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் பிரிண்டர் பழுது என்று தீர்ப்பாகி மூலைக்குப் போகிறது. அவ்வாறு ஒதுக்கப்படுவனவற்றுள் பல, நனைத்த துணி ஒன்றினாலேயே உயிர் பெறக்கூடியவை.

பிரிண்டருக்குத் தாளைக் காணும் கண் கிடையாது. தாள் செல்லும் பாதையில் ஒரு சிறு பிளாஸ்டிக் நெம்புகோல் தொங்குகிறது. அதன் மறுமுனை, அகச்சிவப்பு ஒளியை உமிழும் விளக்குக்கும் அவ்வொளியை ஏற்கும் சென்சாருக்கும் இடையே வந்து போகிறது. தாள் நெம்புகோலைத் தள்ளும்போது ஒளி மறைகிறது, அல்லது வெளிப்படுகிறது. இம்மாறுதல் ஒன்றே யந்திரம் அறிவது. மோட்டார் இவ்வளவு சுழன்றபின் தாளின் முனை வந்திருக்க வேண்டும், இன்னும் இவ்வளவு சுழன்றபின் அதன் கடைசி விளிம்பு நீங்கியிருக்க வேண்டும் என்றொரு கணக்கு அதனுள் பதிந்திருக்கிறது. கணக்குக்குச் சாட்சி ஒவ்வாதபோது, அதற்குக் காரணம் எதுவாயினும், திரையில் தோன்றும் வாசகம் ஒன்றே.

பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று நம் தருக்க நூலார் பிரித்துரைத்ததன் அருமை இங்கே விளங்கும். மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிக்கும் தருக்கப் பகுதியில், ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே ஒன்றைப் புகையென்று கொண்டு, ஆதலால் நெருப்புண்டு என்று துணிவது குற்றமாக எண்ணப்படுகிறது. செல்லார்கோவில் மேட்டில் நின்று, கம்பம் பள்ளத்தாக்கை மூடி எழும் பனியைப் பார்த்தவருக்கு இக்குற்றம் எத்துணை எளிதில் நேரக்கூடியது என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிண்டரும் அதே குற்றத்தையே செய்கிறது. ஆகவே பரிசோதிக்க வேண்டியவை அதன் சாட்சிகள்.

தாள்தட்டை முற்றிலும் காலியாக்கிவிட்டுப் பிரிண்டரை இயக்குவது முதற்காரியம். தாளை இழுக்கும் கட்டம் வருமுன்பே பிழை தோன்றிவிட்டால், தாளைக் குற்றஞ்சாட்ட நியாயமில்லை; மைத்தலையைச் சுமந்துகொண்டு இடவலமாக ஓடும் வண்டியையே நோக்க வேண்டும். அவ்வண்டிக்குப் பின்னால், பிரிண்டரின் அகலம் முழுவதும், விரலைவிடக் குறுகிய ஒளிபுகும் பிளாஸ்டிக் நாடா ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். என்கோடர் ஸ்ட்ரிப் எனப்படும் அந்நாடாவில் அங்குலத்துக்கு 150, 180 என்ற அளவில் மெல்லிய கோடுகள் உள்ளன. வண்டி அவற்றை எண்ணித்தான், தான் நிற்கும் இடத்தை அறிகிறது. அச்சிடும் மைத்துளி ஒவ்வொன்றும் சில பிக்கோலிட்டர், அதாவது ஒரு லிட்டரை இலட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகள். அத்துளிகளிலிருந்து சிதறும் இன்னும் நுண்ணிய திவலைகள் தாளைச் சேராமல் காற்றில் மிதந்து, காலப்போக்கில் இந்நாடாவின்மேலும் படிகின்றன; வண்டி ஓடும் தண்டில் தடவிய கிரீஸும், ஈரத்தில் ஒட்டிய தூசியும் அவற்றோடு கூடுகின்றன. கோடுகள் மறைந்த இடத்தில் எண்ணிக்கை தவறுகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்க, ஓடவில்லை என்று யந்திரம் முடிவு செய்கிறது. அல்லது எல்லை தெரியாமல் ஓரத்தில் மோதி ஓசையெழுப்புகிறது. மோதும் ஓசை கேட்டால் நாடாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மின் இணைப்பை நீக்கியபின், பஞ்சிழை உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, நாடாவை இருவிரலால் மெல்லப் பற்றி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் துடைத்தால் போதும். தின்னர், அசிட்டோன் முதலிய கரைப்பான்களை நாடவே கூடாது. அவை அழுக்கோடு கோடுகளையும் அழித்துவிடக் கூடும்.

வண்டி அசையவே மறுக்குமானால் காரணம் வேறு. மழைக்காலத்தில் அச்சின் நடுவே மின்சாரம் போய்விட்டால், மைத்தலை தன் மூடிமேல் ஒழுங்காக அமர வாய்ப்பின்றி நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் மை உலர்ந்து தடித்து ஒட்டிக்கொள்ளக் கூடும். மோட்டார் திணறுவதையும் யந்திரம் ஜாம் என்றே மொழிகிறது.

தாள் இழுக்கும்போது மட்டும் பிழை வருமானால் ரப்பர் ரோலர்களைத் துடைக்க வேண்டும். தாளுக்கு வெண்மையும் வழுவழுப்பும் தருவதற்காகச் சேர்க்கப்படும் கால்சியம் கார்பனேட் பொடியாக உதிர்ந்து ரப்பரில் படிய, ரோலர் வழுக்குகிறது. தாள் தாமதமாக வர, கணக்குத் தவறுகிறது. ஈரமும் இதில் பங்குகொள்கிறது. தாளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு 23 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் சர்வதேச நியமம். மழைக்கால ஏலமலைக் காற்றின் ஈரம் அதற்கு வெகு மேலே நிற்கிறது. தாளின் செல்லுலோஸ் நார்கள் அவ்வீரத்தைக் குடித்து, நீளவாட்டில் சிறிதும் குறுக்குவாட்டில் மிகுதியுமாகப் பருப்பதால் தாள் சுருண்டு, விறைப்பிழந்து, அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்கிறது. பறித்த ஏலக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் இருக்கும் ஈரத்தை ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் வைத்து 10 சதவீதத்தளவுக்கு இறக்கும் வித்தையில் தேர்ந்த இவ்வூர் மக்களுக்கு, ஈரத்தின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்தக் கவனத்தில் ஒரு பங்கைத் தாளுக்கும் அளித்தால் போதும். ரீமைச் சுற்றிய உறை ஈரம் புகாதிருக்கவே அமைந்தது. தேவையான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதை மீண்டும் மூடிவைக்க வேண்டும்.

எஞ்சியது அந்த நெம்புகோல். விரலால் தள்ளி விட்டால் அது தானாகவே எழுந்து பழைய இடத்துக்கு வர வேண்டும்; ஒரு சிலந்தி நூல் பிடித்தாலும் வராது. பின்மூடி இருபுறமும் ஓசையுடன் பொருந்தியிருக்கிறதா என்பதும் பார்க்கத் தக்கதே.

இவ்வளவையும் உபயோகிப்பவர் தலையிலேயே சுமத்துவது நியாயமன்று என்பது என் துணிபு. மின்னணுக் கழிவைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் கடமையை, 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிகள் உற்பத்தியாளர்மேல் வைத்திருக்கின்றன. நல்ல யந்திரம் கழிவாகாமல் காப்பதும் அக்கடமையின் பாற்பட்டதே. எந்தச் சென்சாரின் கணக்குத் தவறியது என்பது உள்ளிருக்கும் மென்பொருளுக்குத் தெரியும். 'வண்டியின் இடம் தெரியவில்லை. நாடாவைத் துடைக்கவும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் திரையில் எழுதிக் காட்டினால், கட்டப்பனைக்கும் கம்பத்துக்கும் பிரிண்டரைச் சுமந்து செல்லும் பயணங்களில் பல நேரவே நேரா.