மஞ்சள் நிறத்தில் மறைந்து வரும் காரீயம்

ஈயம் என்ற ஒரே சொல்லால் இரு வேறு உலோகங்களைக் குறிப்பிடுவது நம்மவர் வழக்கம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசும் பூச்சும் வெள்ளீயம். மீன் வலையின் அடியில் கட்டும் குண்டும், மோட்டார் வண்டியின் பாட்டரியில் உள்ள தகடும் காரீயம். முன்னது சமையலுக்கு ஏற்றது, பின்னது விஷம். வெள்ளீயத்தைவிடக் காரீயம் மிக மலிவாகையால், ஒன்றில் மற்றொன்றைக் கலந்து விற்போரும் உளர். அவ்வாறு கலந்த சொம்பில் புளி ரசம் கொதிக்குமானால் காரீயம் அதில் கரைந்து இறங்கும். பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு போதும். நம் அங்கத்தினர்களில் நெசவாளரையும் மஞ்சள் பயிரிடுவோரையும் ஒருங்கே தொடுகின்ற காரீயம் வேறோர் உருவில் வருகிறது. அது நிறமாக வருகிறது.

காரீயமும் குரோமியமும் சேர்ந்த ஓர் உப்புக்குக் காரீயக் குரோமேட் என்று பெயர். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறமுடையது, தண்ணீரில் பெரும்பாலும் கரையாதது, விலையும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இது வர்ணப் பூச்சுக்கும் நூல் தோய்ப்பதற்கும் பெரிதும் உபயோகப்பட்டது. பருத்தி நூலைக் காரீய உப்புக் கரைசலில் நனைத்து, பின்னர் பைக்குரோமேட் கரைசலில் தோய்த்தால், இழைகளுக்குள்ளேயே இம்மஞ்சள் உண்டாகிவிடும். சாயம் ஏறிய நூலைப்போல் அது தோன்றினாலும், உண்மையில் அது நுண்பொடி படிந்த நூலே. ஆகவே காய்ந்த சிட்டத்தை உதறும்போதெல்லாம் அப்பொடி காற்றில் பறக்கும். இங்கிலாந்தில் அத்தகைய சிட்டங்களைக் கம்பத்தில் மாட்டி, உதறி, முறுக்கிக் கட்டிய தொழிலாளர்கள் காரீய நோய்க்கு ஆளானார்கள். 1907-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இந்த ஒரு வேலைக்கென்றே தனி விதிகளை இயற்றியது. துணியை உடுத்தியவரைவிட நூலைக் கையாண்டவரே முதலில் துன்புற்றார் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

இன்று நம் பட்டறைகளில் வாட் சாயமும் ரியாக்டிவ் சாயமும் வழங்குகின்றன; அவற்றில் இந்த அபாயம் இல்லை. எனினும் பெயரும் தயாரிப்பாளரும் குறிக்கப்படாத பொட்டலத்தில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் பொடி எதுவாயினும், அது இன்னதென்று அறியாமல் வாங்கலாகாது. ஏனெனில் தார் சுற்றும் வேலை வீட்டிலேயே நடைபெறுகிறது; சுற்றுபவர் அருகில்தான் குழந்தை தவழ்கிறது.

இனி, மஞ்சள் கிழங்கின் செய்திக்கு வருவோம். வங்காள தேசத்தின் கிராமப்புறங்களில் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் காரீயம் மிகுந்திருக்கக் கண்டனர். சுற்றிலும் வயல்களே இருந்த இடங்களில் இது எங்ஙனம் வந்தது? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும், டாக்காவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தாரும் மண்ணையும் பூச்சிமருந்தையும் உணவுப் பொருள்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். காரீயத்தின் அணுக்களில் எடை வேறுபட்ட பல வகைகள் உண்டு. அவற்றின் விகிதம் இடத்துக்கு இடம், பொருளுக்குப் பொருள் மாறும். அவ்விகிதத்தைக் கொண்டு, பெண்களின் ரத்தத்தில் இருந்த காரீயம் மஞ்சள் தூளின் வழியே வந்திருக்க வேண்டுமென்று 2019-ல் வெளியிட்டனர். நூலுக்குத் தோய்த்த அதே காரீயக் குரோமேட் அங்கே மஞ்சள் கிழங்குக்கு மெருகேற்றப் பயன்பட்டிருந்தது. 1980-களில் ஏற்பட்ட வெள்ளத்தில் நனைந்து கறுத்த கிழங்கை விற்பதற்காகத் தொடங்கிய பழக்கம் என்று அங்குள்ளோர் கூறினர். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. பளபளக்கும் சரக்குக்கு நல்ல விலை கிடைத்ததே காரணம்.

அதன்பின் நிகழ்ந்ததும் சொல்லத்தக்கதே. அரசாங்கத்தார் சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டினர். டாக்கா மொத்தச் சந்தையில் கருவி கொண்டு சோதித்து, கலப்படச் சரக்கைப் பறிமுதல் செய்து, வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தனர். 2019-ல் சோதித்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றிலும் இல்லை. மெருகேற்றும் ஆலைத் தொழிலாளரின் ரத்தத்திலும் காரீயம் குறைந்தது. நாற்பதாண்டுக்குச் சற்றே குறைந்த பழக்கம் இரண்டே ஆண்டுகளில் நின்றுவிட்டதென்றால், பயிரிடுவோருக்கு அது இன்றியமையாததாக ஒருபோதும் இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்த முடிவு 2024-ல் வெளியாயிற்று. பாட்னாவில் வாங்கிய சில மாதிரிகளில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. நமது சட்டம் அனுமதிக்கும் எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம். காரீயக் குரோமேட் அறவே இருக்கலாகாது.

உடலில் இது செய்யும் தீங்கு யாது? காரீயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் வேறுபாடு அறியாமல் உடல் மயங்குகிறது. சுண்ணாம்புச் சத்து செல்லும் இடங்களுக்கெல்லாம் காரீயமும் செல்கிறது. பெரியவர் உடலில் தங்கும் காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் சேர்ந்து, பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கிறது. பெண் கருவுற்ற காலத்தில் எலும்பு கரைந்து குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கையில், என்றோ சேர்ந்த காரீயமும் உடன் போகிறது. உண்ட காரீயத்தில் பெரியவரின் குடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே ஏற்கும். சிறு குழந்தையின் குடலோ பாதியளவுகூட ஏற்றுவிடும். வளரும் மூளையை அது தாக்குவதால் குழந்தையின் அறிவாற்றல் குறைகிறது, கவனம் சிதறுகிறது. இக்குறை பிற்பாடு மருந்தினால் மீள்வதில்லை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், சோகை உண்டாகும். மிகுதியாகச் சேர்ந்தவருக்குக் கடும் வயிற்றுவலியும், மணிக்கட்டு தூக்க இயலாமல் தொங்கிப்போவதும் ஏற்படும். நாடா தள்ளும் கைக்கு இதைவிடக் கேடு வேண்டியதில்லை. இவ்வளவுக்குக் கீழிருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காணப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயின் குறி வெளியே தெரியுமுன்பே தீங்கு நேர்ந்துவிடுவதால், ரத்தத்தைச் சோதித்தாலன்றி அறிய வழியில்லை. பாலும் கேழ்வரகும் கீரையும் குறைவின்றி உண்போரின் குடல் காரீயத்தைச் சற்றுக் குறைவாகவே ஏற்கும்; ஆயினும் அது காப்பாகுமேயன்றி மருந்தாகாது.

வேகவைத்து உலர்த்திய கிழங்கை உருளையில் இட்டுச் சுழற்றினாலே மேல்தோல் உதிர்ந்து மெருகு வந்துவிடும். கடைசியில் நிறம் வேண்டுமெனில், நம் மஞ்சளையே தூளாக்கி நீரில் கரைத்துத் தெளிப்பது நெடுநாளைய முறை. வேறு பொடி எதுவும் வேண்டுவதில்லை. வாடகை உருளையில் மெருகேற்றுவோர், முந்திய சரக்கின் பொடி உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவிய பின்னரே தம் கிழங்கை இடவேண்டும். வீட்டில் சோதிக்க, ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் முழுக் கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம். போட்டவுடனே நீரில் அடர்ந்த மஞ்சள் இறங்குமானால் சந்தேகத்துக்கு இடமுண்டு. உறுதியாக அறிய, அரசாங்க அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைச் சாலைக்கே மாதிரி அனுப்ப வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் பளபளப்பைக் கொண்டு விலை வைக்கும் வரையில், பொடி தூவாதவரே நஷ்டப்படுவார். கிழங்கிலுள்ள குர்க்குமின் அளவைக் கொண்டு தரம் பிரித்து ஏலத்துக்கு வைப்பது விற்பனைச் சங்கங்களால் ஆகக்கூடிய காரியம். அதற்கான பரிசோதனைக் கட்டணத்தைச் சங்கம் ஏற்பதா, சரக்குக் கொண்டுவரும் அங்கத்தினர் ஏற்பதா என்பதை, அறுவடை தொடங்கும் முன்பாகவே பொதுக்குழுவில் தீர்மானித்துக் கொள்வது நலம்.