துணைச் சிற்றினம் அழிந்தால் என்ன?

"காண்டாமிருகம்தான் அசாமில் இருக்கிறதே!" விலங்குகளின் அழிவைப் பற்றிப் பேசினால் பலரும் கூறும் மறுமொழி இது. இதில் ஒரு பிழை மறைந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகில் காண்டாமிருகச் சிற்றினங்கள் 5. அவற்றுள் 3 ஒரு காலத்தில் இந்தியாவில் வாழ்ந்தன. இன்று எஞ்சியிருப்பது இந்தியக் காண்டாமிருகம் ஒன்றே.

ஒரு சிற்றினத்தின் கூட்டங்கள் வெவ்வேறு நிலங்களில் நெடுங்காலம் பிரிந்து வாழும்போது, அவற்றிடையே சிறுசிறு வேறுபாடுகள் தோன்றி நிலைக்கின்றன. அவ்வாறு வேறுபட்ட கிளையையே துணைச் சிற்றினம் என்கிறோம். சாவகக் காண்டாமிருகத்தின் ஒரு கிளை வங்காளத்துச் சுந்தரவனக் காடுகளில் வாழ்ந்தது. அதன் பெண் விலங்கிற்குக் கொம்பில்லை. ஆகவே 'ஆயுதமற்றது' என்னும் பொருளில் 'இனெர்மிஸ்' எனப் பெயரிட்டனர். வேட்டையாலும் காடழிப்பாலும் அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது.

ஆப்பிரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. கறுப்புக் காண்டாமிருகத்தின் மேற்குக் கிளை, 1980-ஆம் ஆண்டளவில் கேமரூன், சாடு நாடுகளில் சுமார் 135 என்னும் அளவிற்குக் குறைந்திருந்தது. 2006-இல் கேமரூன் காடுகளில் தேடியவர்கள் ஒன்றையும் காணவில்லை. 2011-இல் அது அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. காரணம் கொம்பு. நம் நகத்திலுள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆனதே அக்கொம்பு. சீன மருந்திற்கும் ஏமன் நாட்டுக் குத்துவாள் கைப்பிடிக்கும் அதனை விரும்பி வாங்கினர்.

கறுப்புக் காண்டாமிருகங்கள் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இன்றும் 6,000-க்கு மேல் உள்ளன. எனினும், கேமரூன் மண்ணில் உருவான கிளையை அவற்றால் மீண்டும் உண்டாக்க இயலுமா? இயலாது. சில எஞ்சியிருக்கும்போதே காக்க வேண்டும். காசிரங்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு டசன் அளவே இருந்த இந்தியக் காண்டாமிருகம், பாதுகாப்பினால் 2022-இல் 2,613 ஆயிற்று.

"வேறெங்கோ இருக்கிறதே" என்னும் ஆறுதலை நம் மாமல்லபுரக் கடற்கரையிலும் கேட்கலாம். 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஒடிசாவில் இலட்சக்கணக்கில் முட்டையிடுகின்றனவே என்பர். ஆனால் கடலாமை, தான் பிறந்த கடற்கரைப் பகுதியை நாடித் திரும்பும் இயல்புடையது. இங்குப் பிறந்தவை அழிந்தால், ஒடிசா ஆமைகள் வந்து நம் கரையை நிரப்பும் என நம்பியிருக்க முடியாது.

சிற்றினம் வாழ்கிறது என்று மகிழ்வதோடு, நம் மண்ணில் வாழும் கிளை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும் விலங்கியல் பயிலும் நம் கடமையன்றோ?